கூரையில் முட்டையிடும் மீன்

மியெனுக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே மறுக்கமாட்டாள். ஆனால் அந்தக் கல்யாண விருந்தில் அவள் சொன்னது வாய்த்துடுக்கில் வந்த பேச்சு அல்ல. கடலும் சேறும் சூழ்ந்த கா மாவ் முனையில் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணையில் பதினோரு வருடம் தொட்டி தொட்டியாக நின்று வேலை பார்த்தவள் அவள். ஒரு குவளைத் தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதில் மிதக்கும் தூசு மாதிரியான குஞ்சுகளைப் பார்த்து, "இது தேறும், இது தேறாது" என்று சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

அந்த விருந்தில் உப்பும் மிளகாயும் தடவிச் சுட்ட தொய்லொய் மீன் வந்தது. சேற்றில் தாவித் தாவி ஓடுமே, தலை உச்சியில் தவளை மாதிரி கண்ணை வைத்துக்கொண்டு, அந்த மீன்தான். முனைக்காரர்களுக்கு அது இல்லாமல் கல்யாணம் கிடையாது. அன்று தட்டில் வந்ததோ சுண்டுவிரல் கனத்தில் வந்தது. எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள், பிறகு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தார்கள். மீன் அருகிப் போனது மாப்பிள்ளை வீட்டார் குற்றமா என்ன? ஊர் முழுக்கத் தோண்டித் தோண்டித் தின்றால் எது மிஞ்சும்?

"அடுத்த வருஷம் இதுவும் கிடைக்காது" என்று யாரோ சொன்னார்கள்.

"கிடைக்கும். தொய்லொய்யை நான் தொட்டில பொரிச்சுக் காட்டுறேன்" என்றாள் மியென்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நண்டு வளர்க்கும் தாம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "தொட்டிக்கு மூடி போட்டு வைடி. உன் குஞ்சு ராத்திரியே எந்திரிச்சு நடந்து போயிடப் போகுது."

"நடந்து உன் வீட்டுக்கு வராது, பயப்படாத. நாத்தம் தாங்காது அதுக்கு."

கூட்டுறவுச் சங்கத் தலைவரை முனையில் எல்லாரும் ஏழாம் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் ஏழாவதாகப் பிறந்தவர். அரிசிச் சாராயக் கோப்பையை வைத்துவிட்டு அவர் சொன்னார்: "மருமவளே, சிரிப்பா சொல்றியா, நெசமா சொல்றியா?"

"நெசமாத்தான்."

"சரி. கால்வா ஓரத்துல சங்கத்தோட பழைய கொட்டகை சும்மாதான் கெடக்கு. எடுத்துக்க. ஒம்பதாம் மாசப் பௌர்ணமிக்கு மாகாண மீன்வள ஆபீஸ்லேருந்து ஆளுங்க வர்றாங்க. அன்னைக்கு உயிருள்ள குஞ்சைக் காட்டணும். காட்டலன்னா கொட்டகை தாமுக்கு. அவளும் மூணு வருஷமா நண்டுக் குஞ்சு விட எடம் கேக்குறா."

விருந்தில் சொன்னாலும் முனையில் சொல் சொல்தான். நூறு பேர் கேட்டிருந்தார்கள். மியென் பண்ணை வேலையை விட்டாள்.

அவள் புருஷன் கோய் தொய்லொய் பிடிப்பவன். வலை, தூண்டில் எதுவும் வேண்டாம் அவனுக்கு. வளையின் வாயைப் பார்த்தே உள்ளே இருப்பது ஆணா பெண்ணா, குடும்பஸ்தனா தனிக்கட்டையா என்று சொல்வான். தோள் வரைக்கும் கையை விட்டால் வெறுங்கையோடு வெளியே எடுக்கமாட்டான். அந்த வித்தையில் அவனுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. மியெனுக்கோ தன் வித்தையில் வெளிப்படையாகவே பெருமை. ஆகவே முதல் நாளே வேலையைப் பிரித்துவிட்டாள். "நீங்க முட்டைய எடுத்துட்டு வாங்க. பொரிக்கிறது எம் பாடு. அதுல நீங்க தலையிடக் கூடாது."

முதல் தடவை கோய் வாளித் தண்ணீரில் முட்டையைச் சேற்றோடு கொண்டுவந்தான். மியென் பண்ணையில் செய்வதெல்லாம் செய்தாள். முட்டைகளைக் கோழி இறகால் சேற்றிலிருந்து மெல்லத் தள்ளி எடுத்தாள். மூன்று முறை வடிகட்டிய தண்ணீரில் விட்டாள். அடியில் காற்றுக் கல் போட்டுக் குமிழி விட்டாள். மறுநாள் காலையில் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. இரண்டாம் தடவை மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பார்த்தாள். பூஞ்சை இரண்டு நாள் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். மூன்றாம் தடவை காற்றை இரட்டிப்பாக்கினாள். நாலு நாள் தாங்கின. முட்டைக்குள் கரும்புள்ளியாகக் கண்கள் வந்தன. மியென் சந்தோஷத்தில் சோறு இறங்காமல் திரிந்தாள். நாலாம் நாள் மத்தியானம் அவை தாமாகவே பொரித்தன. பாதிக்கு மேல் மஞ்சள் கரு தொங்க, உடம்பு வளைந்து, நீந்தத் தெரியாமல் அடியில் போய்ப் படுத்தன. சாயங்காலத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்றைக்குத்தான் தாம் அளவு நாடாவோடு கொட்டகைக்கு வந்தாள். வாசலை அளந்தாள், சுவரை அளந்தாள். "என் தொட்டி உள்ள நுழையுமான்னு பாக்குறேன், தப்பா எடுத்துக்காத" என்றாள்.

"அளந்துக்க. நாடாவுக்கு என்ன, அது எதையும் அளக்கும்" என்றாள் மியென். தாம் போன பிறகு தொட்டி மேல் தலையை வைத்து அழுதாள். துக்கம் பாதிதான், மீதி ஆத்திரம். பௌர்ணமிக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது. முட்டை பொரிக்க ஆறு நாளாவது வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் நேரம்.

கோய் வாசலில் நின்றபடி தொட்டியை எட்டிப் பார்த்தான். "தண்ணி ரொம்ப சுத்தமா இருக்கு. குடிக்கலாம்போல."

"நக்கல் பண்ற நேரமா இது?"

"நக்கல் இல்ல. நான் முட்டை எடுக்குற எடத்துல தண்ணியே கெடையாது. அதான் பாக்குறேன்."

மியென் நிமிர்ந்தாள். "என்ன சொல்றீங்க?"

"வளை கீழ போயி, திரும்பி மேல ஏறும். அந்தக் கோடில ஒரு அறை. அங்க வெறும் காத்துதான். முட்டை எல்லாம் கூரைல ஒட்டிட்டு இருக்கும். உனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் வாளித் தண்ணில போட்டுக் கொண்டுவந்தீங்க?"

"நீதான் வாளில தண்ணி ஊத்திக் குடுத்த. படிச்சவ, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன். ரெண்டாந் தடவ சொல்ல வாயெடுத்தேன். 'நீங்க தலையிடக் கூடாது'ன்ன. சரின்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அவனை அடிக்கலாம் போல இருந்தது. தன்னையும் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மீன் என்றால் தண்ணீர், முட்டை என்றால் தண்ணீருக்குள் குமிழி. பதினோரு வருடமாக அவள் கை வேறு எதையும் அறியாது. கேட்காமலே ஊற்றியிருக்கிறாள், மூன்று தடவை.

தினமும் ஏறி இறங்கும் கடல் வெள்ளம் மறுநாள் வற்றியதும் அவனோடு சேற்றுக்குப் போனாள். ஒற்றைக் காலால் உந்திக்கொண்டு சேற்றுப் பலகையில் வழுக்கிப் போக அவளுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இரண்டு முறை முகம் குப்புற விழுந்தாள். கோய் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காததுதான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அலையாத்தி வேர்களுக்குப் பக்கத்தில் ஒரு வளையைக் காட்டினான். அவள் சேற்றில் ஒருக்களித்துப் படுத்துக் கையை விட்டாள். முழங்கை வரை குளிர்ந்த சேற்றுத் தண்ணீர். தோள் வரை போனதும் கை திரும்பி மேலே ஏறியது. அங்கே விரல்கள் வெறுமையைத் தொட்டன. வெதுவெதுப்பான காற்று. கூரையில் ஜவ்வரிசியைவிடச் சின்னதாக, நெருக்கமாக, ஒட்டிய முட்டைகள். ஏதோ ஒன்று அவள் சுண்டுவிரலை நறுக்கென்று கடித்தது.

"அப்பன்" என்றான் கோய். "ஆத்தா முட்டை போட்டதும் போயிடுவா. காவல் எல்லாம் இவன்தான்."

கையை எடுத்துவிட்டு எட்டிப் போய்ப் படுத்துக் கவனித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஆண் மீன் வளை வாய்க்கு வந்தது. வாயை அகலத் திறந்து மூடியது. இரண்டு கன்னமும் பந்து மாதிரி உப்பின. உள்ளே போனது. திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. மறுபடி உப்பிக்கொண்டு உள்ளே போனது. மியென் எண்ணினாள். முப்பது தடவை எண்ணிய பிறகு விட்டுவிட்டாள்.

"மூச்சு வாங்குது, அவ்ளோதான்" என்றான் கோய்.

"இல்லங்க. மூச்சு வாங்குனா ஏன் வெறும் வாயோட திரும்பி வருது? காத்தை உள்ள கொண்டுபோய் விட்டுட்டு வருது. அந்தச் சேத்துத் தண்ணில காத்தே இல்ல. முட்டை மூச்சடைச்சுச் சாகாம இருக்க, வாய் வாயாச் சுமக்குது."

கோய் வளையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபது வருடமாக அந்த உப்பிய கன்னத்தைப் பார்த்துத்தான் மீன் பிடித்திருக்கிறான். "அப்ப ஆறாம் நாள் சாயங்கால வெள்ளத்துல வளை மேல குமிழி குமிழியா விடுறதும் இந்தக் காத்தைத்தானா? நான் இது தெரியாமலேயே இத்தன வருஷம் ஓட்டிட்டேனே" என்றான். அவன் அப்படிச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

இந்தத் தடவை வாளி இல்லை. அன்றைக்கு முட்டையிட்ட வளைகளாகக் கோய் பார்த்துச் சொல்ல, நாலு வளைகளின் கூரைச் சேற்றில் பாதியை மட்டும் கட்டியாக வெட்டி எடுத்தார்கள். மீதிப் பாதி அப்பன்களுக்கு. தெர்மாகோல் பெட்டிக்குள் முட்டைப் பக்கம் கீழே பார்க்கும்படி கட்டிகளை மூங்கில் குச்சிகள் மேல் தொங்கவிட்டாள். அடியில் ஈர மணல், மேலே ஈரத் துணி. வெள்ளம் வற்றும் நேரமெல்லாம் மூடியைத் திறந்து பழைய காற்றை விசிறி வெளியேற்றினாள்.

பக்கத்துக் கால்வாய்க்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, மியெனுக்குப் புத்தி கலங்கிவிட்டது, மீனைக் காயப்போட்டு வளர்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். இரண்டாம் நாள் முட்டைக்குள் நூல் மாதிரி முதுகு வந்தது. மூன்றாம் நாள் கண். நாலாம் நாள் லென்ஸ் வைத்துப் பார்த்தபோது, கடுகில் பாதிகூட இல்லாத உடம்புக்குள் இதயம் துடிப்பது தெரிந்தது. ஐந்தாம் நாள் கண்களில் வெள்ளி ஏறியது. பூஞ்சை ஒரு புள்ளிகூட இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மீன் வளர்ந்துகொண்டிருந்தது. மியென் கோயைக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்தாள். அவன் வெகு நேரம் குனிந்தே இருந்தான்.

பௌர்ணமி அன்று காலை வெள்ளத்தோடு மாகாணப் படகு வந்தது. ஏழாம் சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில், மீன்வள ஆபீஸ் பொறியாளர் கியெமையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். பின்னால் தாமும் வந்து சுவரோரம் நின்றாள்.

மியென் மூடியைத் திறந்தாள். பொறியாளர் லென்ஸில் பார்த்து, "அட, எல்லாம் உயிரோட இருக்கே" என்றார். பிறகு, "குஞ்சு எங்கம்மா?" என்றார்.

"சாயங்காலம் வரும் சார்."

"இதைத் தண்ணில போட்டா பொரிக்குமா?"

"பொரிக்கும்."

"அப்ப போடுங்க. பாத்துட்டுப் போயிடுறோம்."

"இப்பப் போட்டா பொரிச்சுட்டுச் செத்துடும். வால் நுனி சுத்தி வந்து கண்ணைத் தாண்டணும். இன்னும் தொட்டுட்டுத்தான் நிக்குது. போன தடவ அவசரப்பட்டு வந்ததெல்லாம் ஒரு பொழுதுகூடத் தாங்கல. வளைக்குள்ள இதுங்க அப்பன் சாயங்கால வெள்ளத்துக்குத்தான் காத்தை வெளிய எடுத்துட்டுத் தண்ணிய உள்ள விடுவான். அதுவரைக்கும் நானும் விடமாட்டேன்."

ஏழாம் சித்தப்பாவின் காது சிவந்தது. விருந்தாளிகள் முன்னால் அவர் பேச்சுக்கு மறுபேச்சு வந்து எத்தனை வருடம் ஆகிறதோ. "மருமவளே, ஒரு கட்டி. எனக்காக ஒரே ஒரு கட்டியப் போடு. மீதிய நீ வெச்சுக்க."

மியென் கட்டிகளைப் பார்த்தாள். ஒரு கட்டி போட்டால் போதும். குஞ்சு துள்ளும், எல்லாரும் கை தட்டுவார்கள், கொட்டகை அவளுக்கு. சாயங்காலம் அந்தக் கட்டி முழுக்கச் செத்துக் கிடக்கும்போது பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். அவள் மட்டும் இருப்பாள்.

"ஒண்ணும் போடமாட்டேன் சித்தப்பா. கண்காட்சிக்குச் சாகவா நான் இதுங்கள வளத்தேன்?"

"அப்ப பேச்சுப்படி நட."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "கொட்டகை உங்களோடது. சாயங்கால வெள்ளம் வரைக்கும் முட்டை என்னோடது."

அவர் சாவியைத் தாமிடம் நீட்டினார். தாம் கையை நீட்டவில்லை. "என் நண்டுக்கு இன்னைக்கே என்ன அவசரம்? வெள்ளம் வரட்டும்" என்று எங்கோ பார்த்துச் சொன்னாள். ஏழாம் சித்தப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விருந்தாளிகளை வீட்டுக்கு அழைத்துப் போனார். தண்ணீர் வற்றிவிட்டதால் படகு சேற்றில் உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் வரை சாப்பிடுவதையும் குடிப்பதையும் தவிர அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

பொழுது சாயும்போது வெள்ளம் ஏறத் தொடங்கியது. கோய் இடுப்பளவு சேற்றில், பாதி முட்டையை விட்டுவந்த அந்த முதல் வளைக்கு எதிரே நின்றான். மியென் கொட்டகை வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். கடல் தண்ணீர் வளை வாயை மூடியது. ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"என்னங்க ஆச்சு?" என்று கத்தினாள்.

"இரு."

வளை வாய்க்கு மேலே ஒரு குமிழி உடைந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு வாய் நிறைய வாய் நிறைய வந்தன. ஆறு நாள் உள்ளே சுமந்த காற்றை அப்பன் மீன் இப்போது வெளியே கொண்டுவந்து துப்பிக்கொண்டிருந்தது.

"துப்புறான்" என்றான் கோய். "மியென், காத்தை வெளிய துப்புறான். விடு தண்ணிய."

லென்ஸில் ஒருமுறை பார்த்தாள். வால் நுனி கண்ணைத் தாண்டியிருந்தது. குடத்தைச் சாய்த்தாள். பெட்டிக்குள் தண்ணீர் மெல்ல ஏறி மணலை மூடி, குச்சிகளை மூடி, கட்டிகளின் அடியைத் தொட்டது. முட்டைகள் மூழ்கின. அவள் குனிந்து பார்த்தாள். ஒரு முட்டை சிலிர்த்தது. வால் முன்னால் வந்தது, பிறகு உடம்பு. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் பார்க்க முடியவில்லை. வெள்ளித் தூசு கிளம்பினது மாதிரி தண்ணீர் முழுக்கக் குஞ்சுகள். நேராக, சிமிட்டிச் சிமிட்டி நீந்தின. ஒன்றும் அடியில் போய்ப் படுக்கவில்லை. இவ்வளவு கர்வம் ஒரு மனுஷிக்கு ஆகாது என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் அதை அடக்கிக்கொள்ள அவள் முயலவில்லை.

ஏழாம் சித்தப்பா வீட்டில் மேசை மேல் சிறு அடுப்பில் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. படகு மிதக்கத் தொடங்கிவிட்டது, கடைசிக் கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மியென் உள்ளே வந்து, மீன்சாறுக் கிண்ணத்தையும் கீரைத் தட்டையும் ஒதுக்கிவிட்டு, ஒரு வெள்ளைக் கிண்ணத்தைப் பொறியாளர் முன்னால் வைத்தாள்.

"இது சாப்பிட இல்ல சார்."

பொறியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். மற்ற இரண்டு பேரும் எழுந்து வந்து அவர் தோள் மேல் எட்டிப் பார்த்தார்கள். ஏழாம் சித்தப்பாவின் மனைவி அடுப்பை அணைத்தாள்.

"காலைலயே போட்டிருந்தா?" என்றார் பொறியாளர் நிமிராமல்.

"நீங்க பாத்திருப்பீங்க. இதுங்க இருந்திருக்காது."

"சரியா எப்பத் தண்ணி விடணும்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"இதுங்க அப்பனையே கேட்டோம்."

அவர் சிரித்தார், பிறகு அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்து சிரிப்பை நிறுத்தினார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். "பொரிச்சவங்க பேர் எழுதணும். சொல்லுங்க."

"மியென். பக்கத்துல கோய்னும் எழுதுங்க. அவரு இல்லாம இது இல்ல."

"அவர் எங்க?"

"வாசல்ல நிக்கிறாரு. இடுப்பு வரைக்கும் சேறு. தரை வெள்ளைத் தரையா இருக்கு, அதான் உள்ள வரல."

ஏழாம் சித்தப்பா எழுந்தார். சட்டைப்பையிலிருந்த சாவியைக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தார். வாசல்வரை போய் இருட்டில் நின்றவனின் கையைப் பிடித்தார். "உள்ள வாடா. சேத்தோட வா."